பல் மருத்துவக் கல்லூரி வகுப்பில் மாணவர்களுக்கும் பேராசிரியர்களுக்கும் நடந்த வேடிக்கையான உரையாடல்கள் ஏதாவது சொல்ல முடியுமா?

தாராளமாக. நான் பி.டி.எஸ். படித்தது சென்னையில்தான். கல்லூரி பெயர் மட்டும் வேண்டாம். அந்தப் பேராசிரியர்கள் பலர் இன்னும் பணியில் இருக்கிறார்கள், எனக்குக் கைமீறிப் போகிற கேஸ்களை இன்றும் அவர்களிடம்தான் அனுப்பி வைக்கிறேன்.

எங்கள் வகுப்பில் சிரிப்பு பெரும்பாலும் வாத்தியார் பக்கத்திலிருந்துதான் வரும். மாணவன் பயத்தில் எதையாவது உளறுவான். அவர் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாமல் அதை வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுப்பார். அதிலும் டென்டல் அனாட்டமி எடுத்த சார் இருக்கிறாரே, ஊர் பல்லைப் பற்றியெல்லாம் பாடம் நடத்துவார், அவர் பல்லை மட்டும் யாரும் பார்த்ததில்லை.

பல் எண்ணிலிருந்து ஆரம்பிக்கிறேன். வாயை நாலு பாகமாகப் பிரித்து மேல் வலது 1, மேல் இடது 2, கீழ் இடது 3, கீழ் வலது 4 என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பாகத்திலும் நடுவிலிருந்து பின்னால் போகப் போக ஒன்று முதல் எட்டு வரை எண். ஆக, கீழ் வலது முதல் மோலார், அதாவது கடைவாய்ப்பல், 46. அதை 'நாலு ஆறு' என்றுதான் வாசிக்க வேண்டும். என் பேட்ச்மேட் ஒருத்தி முதல் வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கீழ் இடது முதல் மோலாரைப் பார்த்து ஸ்டைலாக "தர்ட்டி சிக்ஸ் சார்" என்று சொல்லிவிட்டாள்.

"மனுஷனுக்கு மொத்தம் எத்தனை பல்லும்மா?"

"முப்பத்திரண்டு சார்."

"அப்போ மீதி நாலு யாரோடது?"

கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "ஞானப்பல் சார்" என்றாள்.

"அதையும் சேர்த்துத்தான் முப்பத்திரண்டு. உனக்கு அது இன்னும் முளைக்கலைன்னு நினைக்கிறேன்."

இதற்கு அப்பன் ஒன்று பிறகு நடந்தது. ஓ.பி.யில் ஒரு ஹவுஸ் சர்ஜன் (பயிற்சி டாக்டர்), "நாப்பத்தாறு எடுக்கணும்" என்று சத்தமாகச் சொல்ல, நாற்காலியில் இருந்த வியாசர்பாடி அம்மா சடாரென்று எழுந்து உட்கார்ந்தார். அந்த வழியாகப் போன நம்ம சாரைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சார், நாப்பத்தாறாவது பல்லைப் புடுங்கணும்ன்றாரு. அப்போ அதுக்கு முன்னாடி இருக்கிற நாப்பத்தஞ்சையும் புடுங்கிட்டுத்தான் அங்க வருவீங்களா?" சார் வாய்விட்டுச் சிரித்தார். முன்பல் இரண்டுக்கும் நடுவில் நல்ல இடைவெளி. அவர் ஏன் சிரிப்பதே இல்லை என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

முதலாண்டின் பெரிய சித்திரவதை கார்விங். மெழுகுக் கட்டியைக் கத்தியால் செதுக்கிப் பல் வடிவம் கொண்டுவர வேண்டும். மேல் கெனைன், அதாவது கோரைப்பல்தான் வாயிலேயே நீளமான பல். புத்தகக் கணக்குப்படி தலை 10 மி.மீ., வேர் 17 மி.மீ. எங்கள் பையன் ஒருவன் நீட்டியது அதில் பாதிதான் இருந்தது.

"என்னப்பா இது?"

"கெனைன்லதான் ஆரம்பிச்சேன் சார். முனை உடைஞ்சிடுச்சு. அதனால கீழ் இன்சைஸரா மாத்திட்டேன்."

இன்சைஸர் என்றால் முன்பல். கீழ் நடு இன்சைஸர்தான் நிரந்தரப் பற்களிலேயே சின்னது. பையன் விவரமாகத்தான் இறங்கியிருக்கிறான். சார் அதை விரலிடுக்கில் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "இன்னும் கொஞ்சம் செதுக்கு. பல்லு குத்துற குச்சி ஆயிடும். அதுவும் நம்ம டிபார்ட்மென்ட்தான்."

எனக்கு ரொம்பப் பிடித்தது காராபெல்லி. மேல் முதல் மோலாரின் உட்பக்கம் சிலருக்கு ஒரு கூடுதல் குமிழ் இருக்கும். வியன்னாவில் இருந்த காராபெல்லி என்ற பல் மருத்துவர் 1842-ல் அதை விவரித்ததால் அவர் பெயரே நிலைத்துவிட்டது.

"காராபெல்லி யாருப்பா?"

"பல்லு சார்."

"பல்லுக்குப் பேர் வைக்கிறதுக்கு முன்னாடி அவர் ஆளா இருந்தார். சரி, ஆளை விடு. பல்லைக் காட்டு."

அவன் ஈ என்று இளித்தான். "உன் பல்லை இல்லடா, மாடல்ல காட்டு" என்றவர் ஒரு நொடி யோசித்து, "இல்லை, உன் பல்லே இருக்கட்டும். நாக்கால தடவிப் பாரு, இருக்கான்னு சொல்லு" என்றார். அவ்வளவுதான், மொத்த வகுப்பும் ஆரம்பித்துவிட்டது. ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டாள், ஒருத்தனுக்குத் தாடை கோணிக்கொண்டது. சரியாக அப்போது ஹெச்.ஓ.டி. மேடம் கதவைத் திறந்தார். அத்தனை பேரும் கன்னத்துக்குள் நாக்கைச் சுழற்றிக்கொண்டு அவரையே பார்த்தோம். "என்ன நடக்குது இங்க?" என்றார். "காராபெல்லியைத் தேடுறோம் மேடம்" என்று சார் சொன்னார். மேடம் ஒன்றும் பேசவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு போகும்போது அவர் கன்னமும் லேசாக அசைந்ததாக முன் பெஞ்ச் இன்றுவரை சத்தியம் செய்கிறது.

மே மாதத்தில் ப்ராஸ்தோ (செயற்கைப் பல் கட்டும் பிரிவு) போஸ்டிங் போட்டால் அல்ஜினேட் உங்களைக் கைவிட்டுவிடும். வாயில் வைத்துப் பல்லுக்கு அச்செடுக்கும் அந்தப் பவுடரைத் தண்ணீரில் கலக்க வேண்டும், தண்ணீர் சூடாக இருந்தால் சீக்கிரம் இறுகும். கத்திரி வெயிலில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் எப்படி வரும் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ட்ரேயில் எடுத்து வைப்பதற்குள் முடிந்தது கதை.

"சார், செட் ஆயிடுச்சு சார்."

"எதுல?"

"கிண்ணத்துல சார்."

"அப்போ கிண்ணத்துக்கே பல்செட் செஞ்சு குடுத்துடு. பேஷன்ட்டை நாளைக்கு வரச் சொல்லு."

மறுநாளிலிருந்து ஆளாளுக்கு ஃபிரிட்ஜ் தண்ணீர் பாட்டிலோடு வந்தோம்.

எல்லாமே சிரிப்பு என்று நினைத்துவிடாதீர்கள். பேஷன்ட் முன்னால் ரெகார்டைத் தூக்கி எறிந்தவர்களும் இருந்தார்கள். அதில் சிரிக்க ஒன்றுமில்லை, இன்றைக்கு நினைத்தாலும் கோபம்தான் வருகிறது. டென்டல் அனாட்டமி சாரின் வகை வேறு. "எம்.பி.பி.எஸ். கிடைக்கலையா?" என்று கல்யாண வீட்டில் கேட்காத சொந்தக்காரர் உண்டா? முதல் நாள் வகுப்பிலேயே அவர், "எம்.பி.பி.எஸ். கிடைக்காம இங்க வந்தவங்கல்லாம் கை தூக்குங்க" என்றார். முதலில் உயர்ந்த கை அவருடையது.

கடைசியாக ஒன்று. பிடுங்கிய பற்களைக் கிளினிக் கிளினிக்காக அலைந்து சேகரித்து, சுத்தம் செய்து, லேபிள் ஒட்டிக் கொடுக்க வேண்டும். சைதாப்பேட்டைப் பையன் ஒருவனுக்கு அலையச் சோம்பல். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் தலைக்கறி. திங்கட்கிழமை அவன் பெட்டியில் பளபளவென்று ஒரு பல், 'மேல் இன்சைஸர்' என்று லேபிளோடு.

"இந்த பேஷன்ட் வலிச்சப்ப எப்படிக் கத்தினார்?" என்று கேட்டார் சார். பையன் பேசவில்லை.

"ஆட்டுக்கு மேல் வரிசையில முன்பல்லே கிடையாதுடா. வெறும் ஈறுதான். ஏமாத்துறதுன்னாலும் படிச்சுட்டு ஏமாத்து."

அடுத்த வாரம் அதே பெட்டி, அதே பல். லேபிள் மட்டும் 'கீழ் இன்சைஸர்' என்று மாறியிருந்தது.