முப்பதாயிரம் கேட்கும் பயிற்சியாளரா, செக்குக்காரரா?

அன்புள்ள ஐயா,

மரச்செக்கு போட்டுக் கடலை எண்ணெய் விற்கலாம் என்றிருக்கிறேன். கையில் நாலு லட்சம் இருக்கிறது. 'தொழில் பயிற்சி' என்று ஆன்லைனில் ஒருவர் மூன்று மாதத்துக்கு 30,000 ரூபாய் கேட்கிறார். பக்கத்து ஊரில் பல வருடமாகக் கூலிக்குச் செக்கு ஆட்டும் பெரியவர் 'வந்து பாரும்மா' என்கிறார். ஆனால் எதைக் கேட்டாலும் 'பழகினா வரும்' என்பதுதான் அவர் பதில். யாரிடம் போவது?

ஆர்., கரூர் மாவட்டம்

அன்புள்ள ஆர்.,

பெரியவரிடம் போங்கள். அவர் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் எடை போட்டால் போதும்.

ஒவ்வொரு முறை ஆட்டும்போதும் உள்ளே போன நிலக்கடலைப் பருப்பு, வந்த எண்ணெய், புண்ணாக்கு, தெளித்த தண்ணீர் நான்கையும் நோட்டில் எழுதுங்கள். நல்ல பருப்பாக இருந்தால் நூறு கிலோவுக்கு 38 முதல் 42 கிலோ எண்ணெய் வரும். புதிதாக வருகிறவர்கள் கணக்கில் சறுக்குவது இங்கேதான். கிடைப்பது கிலோவில், விற்பது லிட்டரில். கடலை எண்ணெய் ஒரு லிட்டர் சுமார் 910 கிராம்தான். கசடும் போக, லிட்டருக்கு 2.4 கிலோ பருப்பு என்று வையுங்கள். பருப்பு கிலோ 130 ரூபாய் என்றால் 312 ரூபாய். புண்ணாக்கு 1.4 கிலோ, கிலோ 45 என்று போனால் 63 திரும்பி வரும். மிச்சம் 249. பாட்டில், லேபிள், கூலி, கடைக்காரர் கமிஷன் எல்லாம் இதற்கு மேல்தான்.

'பழகினா வரும்' என்பதற்குள் ஒளிந்திருப்பது பெரும்பாலும் ஈரம். பருப்பு அதிகம் காய்ந்திருந்தால் தூளாகவே சுற்றும், எண்ணெய் பிரியாது. அதற்காகத்தான் தண்ணீர் தெளிக்கிறார். கூடிப்போனால் எண்ணெய் கலங்கும், சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். 'எண்ணெய் எடுப்பது எப்படி?' என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்காது. அவர் கை செக்குக்குள் போகும் நேரம் பார்த்து 'இப்ப ஏன் தெளிச்சீங்க?' என்று கேளுங்கள், சொல்லிவிடுவார். பருப்பு பொறுக்கவும் அவரிடமே பழகுங்கள். பூஞ்சை பிடித்ததும் சுருங்கிக் கறுத்ததும் சேர்ந்தால் அதன் நச்சு எண்ணெயிலும் இறங்கும். செக்கெண்ணெயைச் சுத்திகரிப்பதில்லை என்பதை மறக்க வேண்டாம்.

அவருக்குத் தெரியாத பாதியும் உண்டு. கூலிக்கு ஆட்டுகிறவருக்குச் சரக்கு வாங்கும் கவலையோ கடன் பாக்கியோ கிடையாது. உங்களுக்கு அதுதான் தொழிலே. கடைக்காரர் பணத்தை எத்தனை நாள் கழித்துத் தருவார், விற்காததைத் திருப்பித் தருவாரா என்பதையெல்லாம் நாலு கடையில் கேட்டால்தான் தெரியும். சில்லறை விற்பனையில் எண்ணெயைப் பொதியிட்டுத்தான் விற்க வேண்டும் என்று 2011 உணவுப் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மானியக் கடனுக்கு மாவட்டத் தொழில் மையத்தில் முன்கூட்டியே விசாரியுங்கள். பி.எம்.இ.ஜி.பி. (பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம்) போன்ற திட்டங்கள் புதிய தொழிலுக்குத்தான். ஆரம்பித்துவிட்டுப் போனால் தகுதி போய்விடும்.

பயிற்சியாளரைக் குறை சொல்லவில்லை. லிட்டருக்கு எத்தனை கிலோ பருப்பு என்று மட்டும் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

செக்கு வாங்க அவசரம் வேண்டாம். நாலு லட்சத்தையும் இயந்திரத்தில் போட்டுவிட்டு, பருப்பு வாங்கப் பணமில்லாமல் நிற்பவர்கள் நிறைய. உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொண்டு, நூறு கிலோ பருப்பை அந்தப் பெரியவரிடமே கொடுத்து ஆட்டுங்கள். பழக்கத்துக்காகக் கூலியைக் குறைக்கச் சொல்லாதீர்கள். நாற்பது லிட்டருக்குக் குறையாமல் கையில் நிற்கும். அதை விற்று, இரண்டாவது பாட்டில் கேட்டு எத்தனை பேர் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.