அஞ்சரை மணி நேரம் எங்கே போனது? – கணினிக் கடிகாரம் பற்றிக் கேள்வி-பதில்

கடிகாரம் ஓடவில்லை, கடிகாரம் முந்துகிறது, கடிகாரம் ஏதோ ஒரு வருடத்தில் நிற்கிறது என்று ஒரே சாயலில் பல கேள்விகள் சேர்ந்துவிட்டன. எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியிருக்கிறேன். கட்டளைகளை உச்சரிப்புப்படி எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டுங்கள்.

ஈரோட்டில் ஜவுளிக் கடை. பில் போடும் விண்டோஸ் கணினி தினமும் காலையில் பழைய தேதியோடு எழுகிறது. பிரௌசர் எந்தத் தளத்தையும் திறக்க மறுக்கிறது. வலையிலிருந்து நேரத்தை வாங்கித் திருத்தும் டபிள்யூ32டிஎம் /ரீசிங்க் கட்டளையைக் கொடுத்தால் பிழை.

முதலில் மதர்போர்டில் இருக்கும் காசு வடிவ பேட்டரியை மாற்றுங்கள். பெரும்பாலும் சிஆர்2032 தான். மின்சாரம் இல்லாத நேரத்தில் கடிகாரத்தை ஓட்டுவது அதுதான். அது செத்துப்போனால் எந்தக் கட்டளையும் ஒரு நாள் மருந்துதான்.

பிரௌசர் மறுப்பதற்கும் இதுவே காரணம். பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் தேதி, முடிவுத் தேதி உண்டு. உங்கள் கணினி பழைய வருடத்தில் இருந்தால், இன்றைய சான்றிதழ் இன்னும் பிறக்காத குழந்தை.

அப்புறம் கட்டளை. கமாண்ட் ப்ராம்ப்டை அட்மினாகத் திறந்து, நெட் ஸ்டார்ட் டபிள்யூ32டைம் என்று கொடுத்து சேவையைக் கிளப்புங்கள். அது ஓடாமல் இருப்பதால்தான் பலருக்குப் பிழை வருகிறது. அதன்பிறகும் ‘மாற்றம் மிகப் பெரியது’ என்று மறுத்தால் பயப்பட வேண்டாம். டொமைனில் (நிறுவனம் மையமாக நிர்வகிக்கும் கணினிக் குழுவில்) சேராத விண்டோஸ் கணினி, இயல்பான அமைப்பில் 15 மணி நேரத்துக்கு மேற்பட்ட வித்தியாசத்தை வலையிலிருந்து ஏற்காது. தேதியையும் நேரத்தையும் கையால் ஏறக்குறைய சரியாக வைத்துவிட்டு /ரீசிங்க் கொடுங்கள், போய்விடும். பழைய தேதியில் போட்ட பில்களை உங்கள் கணக்கரிடம் காட்டிவிடுங்கள், அது என் துறை இல்லை.

லினக்ஸ் சர்வரில், நேர சர்வரிடம் ஒரு முறை கேட்டுக் கடிகாரத்தைத் திருத்தும் என்டிபிடேட் நிரலை ஓட்டினால் ‘சாக்கெட் பயன்பாட்டில் இருக்கிறது’ என்கிறது. எப்போதும் ஓடிக்கொண்டே நேரத்தைக் காக்கும் என்டிபிடி சேவையை நிறுத்திவிட்டு ஓட்டலாமா? இதைத் தினமும் இரவு க்ரானில் (குறித்த நேரத்தில் கட்டளையைத் தானே ஓட்டும் வசதி) போட்டுவைக்க உத்தேசம்.

நிறுத்தாதீர்கள். அந்தப் பிழைக்கு அர்த்தம், உங்கள் சர்வரில் ஏற்கெனவே ஒருவர் அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான். இருவருக்கும் வேண்டியது அதே 123ஆம் யுடிபி போர்ட் (வலைத் தரவு வந்துபோகும் கதவு). இருப்பவரை அனுப்பிவிட்டுத் தினக்கூலிக்கு ஆள் கூப்பிடுவது போல இருக்கிறது உங்கள் உத்தேசம்.

அவர் வேலையை ஒழுங்காகச் செய்கிறாரா என்று முதலில் கேளுங்கள். என்டிபிக்யூ -பி கொடுத்தால் ஒரு பட்டியல் வரும். ஏதாவது ஒரு சர்வர் பெயருக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருந்தால், அதைப் பிடித்துக்கொண்டு நேரம் ஓடுகிறது என்று பொருள். ‘ரீச்’ பத்தியில் 377 இருந்தால் கடைசி எட்டு முறையும் பதில் வந்திருக்கிறது. (எட்டை அடிமானமாகக் கொண்ட எண், அதனால்தான் விசித்திரமாக இருக்கிறது.) ‘ஆஃப்செட்’ பத்தி, எத்தனை மில்லிசெகண்ட் தள்ளியிருக்கிறீர்கள் என்று சொல்லும்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கடிகாரத்தைத் திருத்த இரண்டு வழி உண்டு. ஒன்று, முள்ளை ஒரேயடியாகத் தள்ளுவது. இன்னொன்று, ஓட்டத்தைச் சற்றே கூட்டியோ குறைத்தோ மெல்ல மெல்லச் சேர்ப்பது. வித்தியாசம் அரை நொடிக்கு மேல் போனால் என்டிபிடேட் தள்ளிவிடும். என்டிபிடி 128 மில்லிசெகண்ட் வரை மெல்லத்தான் சேர்க்கும், அதுவும் நொடிக்கு அதிகபட்சம் அரை மில்லிசெகண்ட் வீதம். ஒரு முழு நொடியை இந்த வேகத்தில் சரிசெய்ய 2000 நொடி, அதாவது அரை மணிக்கு மேல் ஆகும். ‘எவ்வளவு மந்தம்!’ என்பார்கள். அந்த மந்தம்தான் அதன் நற்குணம். அதில் நேரம் ஒருபோதும் பின்னால் போகாது.

பின்னால் போனால் என்ன ஆகும்? நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், நீங்கள் சொல்வது போலவே இரவு 12 மணிக்கு என்டிபிடேட்டை க்ரானில் வைத்திருந்தோம். அந்த சர்வர் நாளுக்கு இரண்டு நொடி முந்தும் ஜாதி. 12 அடித்ததும் நேரம் 11:59:58க்குப் போகும், மறுபடி 12 அடிக்கும். நாள் கணக்கை முடிக்கும் நிரலோ க்ரானை நம்பாமல் தானே கடிகாரத்தைப் பார்த்து ஓடும் வகை. ஒரே இரவில் இரண்டு முறை நாளை முடித்துவிட்டது! எல்லா இரவும் நடக்காது, சில இரவுகளில் மட்டும். நான்கு நாள் நிரலைக் குடைந்தோம், கடிகாரத்தின் மீது யாருக்கும் சந்தேகம் வரவில்லை. க்ரானில் அந்த வரியை எழுதியவன் நான்தான் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஊரே இரவு 12 மணிக்கு இப்படி வைத்தால் நேர சர்வர்கள் பாடு என்ன என்பது தனிக் கதை. 2003இல் நெட்கியர் ரவுட்டர்கள் சில, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் நேர சர்வர் முகவரியை உள்ளேயே பொதிந்துகொண்டு வந்தன. பதில் வராவிட்டால் நொடிக்கொரு முறை தட்டும். உச்சத்தில் நொடிக்கு இரண்டரை லட்சம் பாக்கெட்டுகள் அந்தப் பல்கலைக்கழகத்தின் வாசலில் வந்து விழுந்தன.

தவிர, என்டிபிடேட்டுக்கு வயதாகிவிட்டது. ரெட் ஹேட் எண்டர்பிரைஸ் லினக்ஸ் 8இலிருந்து அந்தத் தொகுப்பே கிடையாது, அதே வேலையைச் செய்யும் க்ரோனி மட்டும்தான். டெபியன் 12இல் அந்தப் பெயரில் கிடைப்பது என்டிபிசெக் திட்டத்தின் வடிவம். புதிதாக வைப்பதென்றால் க்ரோனியை வையுங்கள். க்ரோனிசி டிராக்கிங் என்று தட்டினால் நிலவரம் தெரியும். அதன் அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்டெப் 1.0 3’ என்று ஒரு வரி இருக்கும்: தொடங்கியதும் முதல் மூன்று திருத்தங்களில் மட்டும், ஒரு நொடிக்கு மேல் தள்ளியிருந்தால் முள்ளைத் தள்ளு, அதன்பின் தொடாதே. எனக்குப் பிடித்த வரி அது. ஒரே ஒரு முறை சரிசெய்து விட்டால் போதும் என்றால் க்ரோனிடி -க்யூ. திருத்தாமல் வித்தியாசத்தை மட்டும் பார்க்க அதே க்யூவைப் பெரிய எழுத்தில் கொடுங்கள். பெரியதை முதலில், சின்னதை அப்புறம் என்று பழகிக்கொள்ளுங்கள்.

கல்லூரி ஆய்வகத்தில் ‘ஒத்திசைக்கத் தகுந்த சர்வர் எதுவும் இல்லை’ என்று வருகிறது. ஆனால் அதே சர்வருக்குப் பிங் போகிறது!

பிங் போவது, அந்த வீட்டில் விளக்கு எரிகிறது என்பதற்கு மட்டும்தான் சாட்சி. நீங்கள் தட்ட வேண்டிய கதவு யுடிபி 123. அதை உங்கள் ஃபயர்வால் மூடியிருக்கும். என்டிபிடேட் -யு கொடுத்துப் பாருங்கள், அது புறப்படும் இடத்தில் 123க்குப் பதிலாக வேறு போர்ட்டைப் பயன்படுத்தும், சில ஃபயர்வால்கள் அதை விடும். அதுவும் இல்லையென்றால் மல்லுக்கட்டாமல் நெட்வொர்க் பார்ப்பவரிடம் போய், ‘உள்ளே நேர சர்வர் எது?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் ஒன்று இருக்கும், யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

ஒரே லேப்டாப்பில் உபுண்டுவும் விண்டோஸும். உபுண்டுவிலிருந்து விண்டோஸுக்குப் போனால் சரியாக 5:30 மணி நேரம் பின்னால் இருக்கிறது. வைரஸா?

வைரஸ் இவ்வளவு கணக்காக இருக்காது. மதர்போர்டுக் கடிகாரத்தில் லினக்ஸ் உலகப் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று வாசிக்கிறது. நமக்கு இரண்டுக்கும் இடைவெளி ஐந்தரை மணி.

தீர்வு, இருவரில் ஒருவர் விட்டுக்கொடுப்பது. டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1 என்றால் உபுண்டு விட்டுக்கொடுக்கும், ஆனால் அப்படிச் செய்யாதே என்று அதுவே எச்சரிக்கும். நான் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ‘ரியல்டைம்இஸ்யுனிவர்சல்’ மதிப்பை 1 ஆக வைத்திருக்கிறேன்.

போகிற வழியில் ஆகும் தாமதத்தில் நேரம் கெட்டுப்போகாதா? எப்படி மில்லிசெகண்ட் துல்லியம் வருகிறது?

நல்ல கேள்வி. பின்னாளில் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியரான டேவிட் மில்ஸ் 1985இல் வெளியிட்ட முதல் வடிவத்திலிருந்து, கணினிகள் நேரம் கேட்டுக்கொள்ளும் என்டிபி என்ற இந்த நெறிமுறை மெல்லும் விஷயமே இதுதான்.

நான்கு முத்திரைகள் விழுகின்றன: நீங்கள் அனுப்பிய நேரம், அவர் வாங்கிய நேரம், அவர் திருப்பி அனுப்பிய நேரம், நீங்கள் வாங்கிய நேரம். உங்கள் கடிகாரத்தில் 0 மில்லிசெகண்டில் அனுப்பினீர்கள். அவர் கடிகாரத்தில் 530இல் வாங்கி 531இல் திருப்பினார். உங்களிடம் 61இல் வந்து சேர்ந்தது. போகும்போது தெரியும் வித்தியாசம் 530, வரும்போது 531 கழித்தல் 61, அதாவது 470. இரண்டின் சராசரி 500. நீங்கள் அரை நொடி பிந்தியிருக்கிறீர்கள். போக வரப் பயணம் 60 மில்லிசெகண்ட், அது கணக்கில் அடிபட்டுப் போயிற்று.

ஒரு ஓட்டை உண்டு. போகும் வழியும் வரும் வழியும் சம நேரம் எடுக்கும் என்று இந்தக் கணக்கு நம்புகிறது. போக 50, வர 10 என்றால் விடை 20 மில்லிசெகண்ட் பிசகும். ஆகவே பக்கத்தில் இருக்கும் சர்வரே நல்லது.

அப்படியானால் எந்த சர்வரை வைப்பது? எத்தனை?

நான்கு. ஒன்று பொய் சொன்னாலும் மற்ற மூன்றும் சேர்ந்து காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு வைப்பதுதான் மோசம், முரண்பட்டால் யாரை நம்புவது?

இந்தியாவில் இருந்தால் புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் டைம் டாட் என்பிஎல்இந்தியா டாட் ஆர்க், தேசியத் தகவலியல் மையத்தின் சமய்1, சமய்2 இருக்கின்றன. இந்திய நேரத்தைப் பராமரிப்பதே அந்த ஆய்வகம்தான். நிறுவனங்களுக்கு இது வெறும் ருசி விஷயம் இல்லை: 2022 ஏப்ரல் 28இல் செர்ட்-இன் (கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இந்திய அரசு அமைப்பு) வெளியிட்ட உத்தரவு, இந்த இரு அமைப்புகளில் ஒன்றின் சர்வரோடோ அவற்றோடு தொடர்புபடுத்தக்கூடிய சர்வரோடோ கடிகாரங்களை ஒத்திசைக்கச் சொல்கிறது. வீட்டுக்கு இன் டாட் பூல் தொகுப்பே தாராளம்.

கூகுளின் நேர சர்வரை மற்றவற்றோடு கலக்காதீர்கள். லீப் நொடி (பூமியின் சுழற்சியோடு ஒத்துப்போக உலக நேரத்தில் எப்போதாவது சேர்க்கும் கூடுதல் நொடி) வந்தால் அது ஒரு நாள் முழுக்கப் பரப்பித் தடவும், மற்றவற்றில் பல ஒரே நொடியாகச் சேர்க்கும். கடைசி லீப் நொடி 2016 டிசம்பர் 31இல் வந்தது, அதனால் இந்தச் சண்டையைப் பலர் பார்த்ததே இல்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து. பழைய விண்டோஸ் எக்ஸ்பி, ஆய்வுக் கருவியோடு பூட்டியது. நேரத்தை ஒத்திசைத்த பிறகும் அரை மணித்தியாலம் கூடக் காட்டுகிறது.

வலையிலிருந்து வருவது உலகப் பொது நேரம் மட்டும். அதில் எந்த ஊருடைய நேர வலயமும் இருக்காது, அதை உங்கள் கணினியே கூட்டிக்கொள்கிறது. இலங்கை 1996இல் கடிகாரத்தை முன்தள்ளி, அதே ஆண்டு 6 மணி இடைவெளிக்கு வந்து, 2006 ஏப்ரலில்தான் 5:30க்குத் திரும்பியது. உங்கள் எக்ஸ்பி அந்தத் திருத்தத்தைக் கண்டதே இல்லை போலும். சென்னை, மும்பை இருக்கும் வலயத்தைத் தேர்ந்தெடுத்துவிடுங்கள், இரண்டும் ஒரே நேரம்தான்.

டாக்கர் கன்டெய்னருக்குள் நேரத்தை மாற்றினால் ‘அனுமதி இல்லை’.

கன்டெய்னர் என்பது ஒரே கணினிக்குள் நிரலைத் தனியாகப் பிரித்து ஓட்டும் பெட்டி. அதற்குத் தனிக் கடிகாரம் கிடையாது, அது பார்ப்பது வெளியே இருக்கும் கணினியின் கடிகாரத்தை. அங்கே போய்ச் சரிசெய்யுங்கள். அனுமதியைத் திறந்துவிட வழி உண்டு, ஆனால் ஒரு கன்டெய்னர் முள்ளைத் தள்ளினால் பக்கத்தில் இருக்கும் அத்தனைக்கும் நேரம் மாறும்.