போல்ட் விரலால் உள்ளே போகவேணும்

கேள்வி: வணக்கம் அண்ணை. என்னிடம் 27 அடிப் பாய்ப்படகு ஒன்று இருக்கிறது, கிட்டத்தட்ட நாற்பது வருசப் பழசு. எஞ்சின் யன்மார் 1ஜிஎம்10. ஒக்ரோபரில் படகைக் கரையேற்றியதும் எஞ்சினைக் கழற்றி வீட்டுக் கராஜுக்குக் கொண்டுவந்து, ஒயில் சீல்கள் மாற்றி, பெயின்ற் அடித்தேன். எஞ்சினைத் தாங்குகிற நாலு றப்பர் மவுன்ட்டும் புதிது. போன சனிக்கிழமை எஞ்சினைத் திரும்பப் படகுக்குள் இறக்கினோம். எஞ்சினையும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டையும் பூட்டுகிற கப்ளிங்கின் இரண்டு முகத்துக்கும் நடுவில் மேல்பக்கம் ஒன்றரை மில்லிமீற்றர் இடைவெளி நிற்கிறது, கீழ்ப்பக்கம் முட்டுகிறது. போல்ட்டுகளைப் போட்டு இறுக்கினால் தானாகச் சேரும் என்கிறார் கூட நின்ற நண்பர். படகைத் தண்ணீரில் இறக்க மே நடுவில் கிரேன் வருகிறது. என்ன செய்யட்டும்?
(வாசகர், ஸ்காபறோ)

பதில்: தம்பி, இறுக்காதேங்கோ. இறுக்கினால் சேரும், அது உண்மைதான். சேர்ந்த பிறகு அந்த ஒன்றரை மில்லிமீற்றர் எங்கே போகும்? கியர்பொக்ஸின் பின்பக்க பெயாரிங்குக்கும் சீலுக்கும் போகும். புரொப்பெல்லருக்கு முன்னால் ஷாஃப்ட்டைத் தாங்குகிற றப்பர் பெயாரிங் ஒரு பக்கமாகத் தேயும். ஒரு கோடைக்குள் படகு முழுக்க அதிரத் தொடங்கும்.

நான் தொழில் பழகினது மயிலிட்டியில், மூன்றரைத் தொன் வள்ளங்களில். எனக்குப் பழக்கின அண்ணை கப்ளிங் பூட்டும்போது ஸ்பனரைக் கையில் எடுக்கவிடமாட்டார். ‘போல்ட்டை ரண்டு விரலால தள்ளு, போகாட்டி எஞ்சின் இன்னும் வந்து சேரேல்லை’ என்பார். ரொறன்ரோவுக்கு வந்து இத்தனை வருசமாக ஏரியில் ஓடும் படகுகளில் வேலை செய்தும் நான் அந்த முறையை மாற்றவில்லை. ஷாஃப்ட் இருக்கிற இடத்துக்கு எஞ்சின் வரவேணும். எஞ்சின் இருக்கிற இடத்துக்கு ஷாஃப்ட்டை இழுக்கக்கூடாது.

முதலில் ஷாஃப்ட்டைப் பாருங்கோ. கப்ளிங்கின் பாதி அதன் நுனியில் தொங்குவதால் அது தன் பாரத்தில் கீழே சாய்ந்துதான் நிற்கும். கையால் மேலே தூக்குங்கோ, கீழே விடுங்கோ, இடம் வலம் அசைத்துப் பாருங்கோ. அந்த அசைவின் நடு எங்கே என்று கண்டுபிடித்து, அங்கே நிற்கும்படி அடியில் ஒரு மர ஆப்பு வையுங்கோ. பலர் இதைச் செய்யாமல், தொங்குகிற ஷாஃப்ட்டுக்கு எஞ்சினைச் சரிபண்ணிப்போட்டு, இரண்டு நாள் மினக்கெட்டேன் என்று வந்து நிற்கிறார்கள்.

மேலே இடைவெளி, கீழே முட்டு என்றால் எஞ்சினின் முன்பக்கம் பதிந்து நிற்கிறது. முன் மவுன்ட் இரண்டின் நட்டையும் ஒரே அளவாக, அரைச் சுற்று அரைச் சுற்றாக உயர்த்துங்கோ. ஒன்றை மட்டும் திருகினால் எஞ்சின் மூன்று காலில் நிற்கும். புது மவுன்ட்டின் றப்பர் பாரம் ஏறினதும் கொஞ்சம் அமரும். அதனால் எஞ்சின் 76 கிலோவையும் அதன்மேல் சில நாள் விட்டுப்போட்டுத்தான் கடைசி அளவை எடுக்கவேணும். உங்களுக்கு நேரம் இருக்கிறது.

அளவு எவ்வளவு? கப்ளிங்கின் விட்டத்தில் ஒவ்வொரு அங்குலத்துக்கும் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் கணக்கு. நாலு அங்குலக் கப்ளிங்குக்கு 0.004 அங்குலம், அதாவது 0.1 மில்லிமீற்றர். இடைவெளி அளக்கிற ஃபீலர் கேஜ் தகட்டை மேல், கீழ், இடம், வலம் என்று நாலு இடத்திலும் நுழைத்துப் பாருங்கோ. பிறகு ஷாஃப்ட்டை மட்டும் அரைச் சுற்றுச் சுற்றி, திரும்ப அளவுங்கோ. கூடின இடைவெளி அதே இடத்தில் நின்றால் எஞ்சின் சரியில்லை. ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுற்றி மற்றப் பக்கம் போயிருந்தால் ஷாஃப்ட் வளைந்திருக்கிறது, அல்லது கப்ளிங் முகம் பழுது. அப்போது மவுன்ட்டை எவ்வளவு திருகினாலும் பலனில்லை.

கரையில் இவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது முடிவான அளவு இல்லை. ஸ்டாண்டில் நிற்கும்போது படகின் பாரம் கீலில் இறங்குகிறது. தண்ணீரில் உடம்பு முழுக்கத் தாங்குகிறது. பாய்மரம் நட்டு, அதைப் பின்னால் இழுத்துப் பிடிக்கிற ஸ்டே கம்பியை இறுக்கிக் கட்டினதும் படகு கொஞ்சம் வளையும். ஆகவே இறக்கி, மரம் நட்டு, கம்பிகளை முறுக்கி, ஒன்றிரண்டு நாள் விட்டு, கப்ளிங் போல்ட்டைக் கழற்றித் திரும்ப அளவுங்கோ. பத்தில் ஏழு படகிலாவது நான் அப்போது நட்டைத் தொட்டிருக்கிறேன்.

கிரேன் வரும் நாளுக்கு முன்: அடியில் உள்ள தண்ணீர் வால்வு ஒவ்வொன்றையும் கையால் திறந்து மூடுங்கோ. இறுகினதைக் கிறீஸ் போட்டு இளக்குங்கோ, வால்வு உடைந்தால் ஓட்டையை அடைக்க ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு மரக்குத்தி கட்டிவையுங்கோ. குளிர்தண்ணீர் பம்புக்குள் சுற்றுகிற இம்பெல்லர் புதிது போடுங்கோ. ஷாஃப்ட் அரிக்காமல் தான் கரைந்து காப்பாற்றுகிற அனோட் துத்தநாகம் என்றால் மாற்றுங்கோ. ஒன்ராறியோ ஏரி நன்னீர். நன்னீரில் துத்தநாகத்தின்மேல் படலம் படிந்து அது வேலை செய்யாமல் விட்டுவிடும், மக்னீசியம் வேணும். அதன்மேல் பெயின்ற் படக்கூடாது.

கிரேன்காரருக்கு அடுத்த படகு காத்திருக்கும், அவசரப்படுத்துவார். படகு தண்ணீரில் மிதந்தாலும் கிரேன் பெல்ட்டைக் கழற்றவேண்டாம், இரண்டு நிமிசம் தாங்கோ என்று கேளுங்கோ. ரோர்ச்சோடு உள்ளே இறங்கி ஒவ்வொரு வால்வையும், ஹோஸ் கிளிப்பையும், ஷாஃப்ட் வெளியே போகிற இடத்தையும் விரலால் தடவிப் பாருங்கோ. விரல் காய்ந்து வந்தால்தான் கையைக் காட்டவேணும்.

கேள்வி: படகை இறக்கிய நாளிலிருந்து ஷாஃப்ட் வெளியே போகும் இடத்தில் தண்ணீர் சொட்டுகிறது. கணவர் பெரிய நட்டை இறுக்கி நிறுத்திவிட்டார். இப்போது அந்த இடம் தொடமுடியாமல் சுடுகிறது. இது சரியா?
(வாசகி, ஏஜக்ஸ்)

பதில்: சரியில்லை தங்கச்சி. உங்களுடையது பழைய முறை, ஏரித் தண்ணீர் உள்ளே வராமல் ஷாஃப்ட்டைச் சுற்றி மெழுகுத் திரி வைத்த கிளாண்ட். அந்தச் சொட்டுத் தண்ணீர்தான் திரிக்குக் குளிர்ச்சி. ஷாஃப்ட் சுற்றும்போது நிமிசத்துக்கு இரண்டு மூன்று சொட்டு விழவேணும். சொட்டை முழுக்க நிறுத்தினால் திரி கருகி, ஷாஃப்ட்டில் பள்ளம் விழும். இப்போதே நட்டை இளக்குங்கோ. சூடு கண்ட திரியை நம்பவேண்டாம், அடுத்த முறை கரையேற்றும்போது புதிது சுற்றுங்கோ. வளையம் வளையமாக வெட்டி, வெட்டு வாய்கள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் வையுங்கோ.

கேள்வி: ஃபில்டர் மாற்றிய பிறகு டீசலில் காற்றுப் பிடித்துவிட்டது. பம்பின் சிறு நெம்புகோலை அமத்தினால் ஒன்றும் ஏறவில்லை. ஸ்ராட்டரை எவ்வளவு நேரம் சுற்றலாம்?
(வாசகர், மிசிசாகா)

பதில்: நெம்புகோல் தொளதொள என்று இருந்தால் உள்ளே கேம் அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது. எஞ்சினைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அமத்துங்கோ, கனம் தெரியும். ஃபில்டர் தலையில் உள்ள திருகாணியை இளக்கி, குமிழி நின்று டீசல் மட்டும் வரும்வரை அமத்திப் பூட்டுங்கோ. பிறகு இன்ஜெக்டர் குழாய் நட்டை இளக்கி, ஸ்ராட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுவிட்டுச் சுற்றுங்கோ, அங்கேயும் டீசல் வந்ததும் நட்டைப் பூட்டுங்கோ.

ஆனால் அதற்கு முன் எஞ்சினுக்குக் குளிர்தண்ணீர் வரும் வால்வை மூடுங்கோ. இதை நான் பிழைவிட்டுத்தான் படித்தேன். இங்கே வந்த புதிதில் ஒருவரின் ஒற்றைச் சிலிண்டர் எஞ்சினை வால்வு திறந்தபடி திரும்பத் திரும்பச் சுற்றினேன். எஞ்சின் பற்றாததால் புகை இல்லை, புகை இல்லாததால் பம்ப் இழுத்த தண்ணீரை வெளியே தள்ள ஒன்றுமில்லை. அது மஃப்ளரை நிரப்பிக்கொண்டு பின்னோக்கிச் சிலிண்டருக்குள் ஏறிவிட்டது. ‘டக்’ என்று ஒரு சத்தம், ஸ்ராட்டர் நின்றது. ஒயில் குச்சியை இழுத்தேன், பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தது.

மஃப்ளர் தண்ணீரைத் திறந்துவிட்டு, இன்ஜெக்டரைக் கழற்றி, சிலிண்டருக்குள் நின்றதைக் கையால் சுற்றி வெளியேற்றி, ஒயிலை மூன்று முறை மாற்றினேன். மூன்றாம் முறைதான் குச்சியில் தெளிவாக வந்தது. இரவு பத்து மணிக்கு எஞ்சின் பற்றியது, ஒரு மணித்தியாலம் ஓடவிட்டேன். நாளைக்குப் பார்ப்போம் என்று போயிருந்தால் காலையில் சிலிண்டர் துருப்பிடித்திருக்கும். நீங்கள் மூடிவைத்துச் சுற்றுங்கோ, பற்றின உடனே வால்வைத் திறந்து, பின்பக்கம் தண்ணீர் துப்புகிறதா என்று எட்டிப் பாருங்கோ.