கேட்டது ஒன்று, வரும் பதில் வேறு
மனநலம்: வாசகர் கேள்வி – பதில்

என் மகனுக்கு 22 வயது. ஏழெட்டு மாதமாக எதைக் கேட்டாலும் சம்பந்தமில்லாமல் பேசுகிறான். உறவினர்கள் திமிர் என்கிறார்கள். இது மனநோயா?
– வாசகி, திண்டுக்கல்

திமிர் பிடித்தவன் பதில் சொல்லாமல் போவான், அல்லது எரிந்து விழுவான். நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறது. பேச்சு தடம் மாறுவதிலேயே மூன்று வகை உண்டு.

"பென்ஷன் வந்துச்சா?" என்றால் பஸ், கண்டக்டர், பேங்க் வரிசை எல்லாம் சொல்லி, கடைசியில் "வந்துடுச்சு" என்று முடிப்பவர் சுற்றி வளைக்கிறார், அவ்வளவுதான். அது பலருக்குச் சுபாவம்.

"பீஸ் கட்டியாச்சா?" என்றால், "காலேஜ் வாசல்ல டிரான்ஸ்பார்மர் இருக்கு. கரண்ட் போனா தொட்டி மீன் செத்துடும். மீனுக்கு இமை கிடையாது" என்று போய், பீஸுக்குத் திரும்பவே வராதது இரண்டாவது வகை. ஒவ்வொரு வாக்கியமும் சரியாகத்தான் இருக்கும். கேள்விதான் நடுவில் தொலைந்திருக்கும். சிந்தனைக் கோளாறு என்று டாக்டர்கள் கவலைப்படுவது இதைத்தான். மனச்சிதைவு நோயில் அடிக்கடி வரும்.

மூன்றாவது, மேனியா, அதாவது மிதமிஞ்சிய உற்சாகம் பிடித்துக்கொள்ளும் மனநிலை. பேச்சு வேகமெடுக்கும், இடைமறிக்க முடியாது, "கடை, வடை, குடை, படை" என்று ஓசையைப் பிடித்துக்கொண்டு தாவும். கூடவே தூக்கம் குறைந்திருக்கும்.

இந்த வகைகளைப் பிரித்து அளக்க, 1979இல் அமெரிக்க மனநல மருத்துவர் நான்சி ஆண்ட்ரியாசென் 18 அம்சங்கள் கொண்ட அளவுகோல் ஒன்றை வெளியிட்டார். பேச்சை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்லிவிட முடியாது என்பதும் அதன்பின் தெளிவானது. காதில் குரல் கேட்கிறதா, வீண் சந்தேகம் உண்டா, கஞ்சா போன்ற பழக்கம் உண்டா, படிப்பு சரிந்ததா என்று டாக்டர் கேட்பது அதனால்தான்.

"உளறுறான் டாக்டர்" என்று மட்டும் சொன்னால் அவருக்கு ஒன்றும் பிடிபடாது. ஒரு வாரம், தினம் ஒரு கேள்வியையும் அவன் சொன்ன பதிலையும் சொல்லுக்குச் சொல் எழுதுங்கள். தேதி, தூங்கிய நேரம் சேர்த்து. "சாப்பிட்டியா?" போன்ற ஒற்றை வரிக் கேள்வியில் குறை தெரியாது. "நேத்து என்ன பண்ணினே?" என்று கேட்டுவிட்டு, இரண்டு நிமிடம் குறுக்கிடாமல் விடுங்கள். அந்த நோட்டுடன் மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள், ஏழெட்டு மாதம் ஏற்கெனவே அதிகம்.

அப்பாவுக்கு 71 வயது. முந்தாநாள் வரை தெளிவாகப் பேசியவர் இப்போது தொடர்பில்லாமல் பேசுகிறார், ராத்திரியில் அதிகம். மனநல டாக்டரிடம் காட்டலாமா?
– வாசகர், கடலூர்

முதலில் பொது மருத்துவரிடம், இன்றே. திடீரென்று வந்து, காலையில் தேவலை, இரவில் மோசம் என்று ஏறி இறங்கினால் அது பெரும்பாலும் டெலிரியம், அதாவது உடல்நலக் கோளாறால் திடீரென வரும் மனக்குழப்பம். காரணம் உடம்பில் இருக்கும்: சிறுநீர்த் தொற்று, சோடியம் குறைவு, மலச்சிக்கல், புதிதாகத் தொடங்கிய மாத்திரை. சளிக்கும் அரிப்புக்கும் கடையில் வாங்கும் தூக்கம் வரவைக்கும் மாத்திரைகூட முதியவர்களைக் குழப்பிவிடும். கிழமைகளை ஞாயிறிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். பாதியில் விட்டுவிட்டால் கவனம் சிதறியிருக்கிறது. சர்க்கரை நோயாளி என்றால் கிளம்பும் முன் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்து, விழுங்கவும் முடிந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்துவிட்டுப் போங்கள். சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துப் போங்கள். தூங்கட்டும் என்று நீங்களாக எதுவும் கொடுக்காதீர்கள்.

சில நிமிடங்களிலேயே பேச்சு குழறினாலோ, சொல்வது புரியாமல் போனாலோ, வாய் கோணினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108. ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும்.

மருந்து தொடங்கியாச்சு, பேச்சு இன்னும் அலைபாய்கிறது. வீட்டில் எப்படிப் பேசுவது?
– வாசகி, ஈரோடு

டிவியை அணைத்துவிட்டு, ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. "குளிச்சியா, மாத்திரை போட்டியா, அத்தைகிட்ட பேசினியா?" என்று அடுக்காதீர்கள். தடம் மாறினால், புரிந்த மாதிரி தலையாட்டவும் வேண்டாம், கேலியும் வேண்டாம். "அது எனக்குப் புரியலைப்பா, மாத்திரை விஷயத்துக்கு வருவோம்" போதும். இரண்டு முறை இழுத்தும் வரவில்லை என்றால் அப்போதைக்கு விட்டுவிடுங்கள். களைப்பிலும் பதற்றத்திலும் இன்னும் சிதறும். பேச்சு சீராக வாரக்கணக்கில் ஆகலாம். பலன் இல்லை என்று மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம். இடையில் சந்தேகம் வந்தால் அரசின் மனநலத் தொலைபேசி உதவி டெலி மானஸ், 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம்.