பின்வீட்டுக்கு வழி உண்டா?

கேள்வி: தாத்தாவின் மனையை 1996-ல் அப்பாவும் பெரியப்பாவும் பத்திரம் பதிந்து பிரித்துக்கொண்டார்கள். தெருவை ஒட்டிய முன்பாகம் பெரியப்பாவுக்கு, பின்பாகம் எங்களுக்கு. முன்வீட்டின் ஓரமாக உள்ள நாலடிச் சந்துதான் எங்கள் வழி. பெரியப்பா பெரிய மனதோடு விட்டுவைத்திருந்தார். போன வருடம் அவர் மகன் முன்வீட்டை விற்றுவிட்டார். வாங்கியவர் கேட் போட்டுப் பூட்டிவிட்டு, "என் கிரயப் பத்திரத்தில் பாதையே இல்லை" என்கிறார். இப்போது பின்னால் இருப்பவரின் கொல்லை வழியாகப் போய்வருகிறோம். காவல் நிலையத்தில் இது சிவில் விவகாரம் என்கிறார்கள்.
- ஒரு வாசகர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: அவருடைய பத்திரத்தை விடுங்கள். விற்றவருக்கு என்ன உரிமை இருந்ததோ அதுதான் வாங்கியவருக்கும். முதலில் 1996 பாகப்பிரிவினைப் பத்திரத்தை எடுத்து, சொத்து விவரத்தையும் நான்கெல்லையையும் வரி விடாமல் படியுங்கள். 'பொதுச் சந்து' என்றோ 'போக வர பாத்தியம்' என்றோ இருந்தால் உங்கள் வழக்கில் பாதி முடிந்த மாதிரி. பத்திரம் கையில் இல்லையென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கிடைக்கும்.

ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தாலும் கவலை வேண்டாம். ஒரே சொத்தைப் பிரிக்கும்போது, ஒரு பாகத்தின் வழியாகப் போகாமல் இன்னொரு பாகத்தை அனுபவிக்கவே முடியாது என்றால், அந்த வழியுரிமையை 1882-ம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (அடுத்தவர் நிலத்தின் மேல் வழி போன்ற உரிமைகளைப் பற்றிய சட்டம்) 13-வது பிரிவே தருகிறது. ஆனால் இது அவசியத்தால் வரும் உரிமை, சௌகரியத்துக்கானது அல்ல. உங்களுக்கென்று வேறு வழி பிறந்தால் 41-வது பிரிவின்படி இது போய்விடும். எதிர்த்தரப்பு கொல்லை வழியைக் காட்டும். அடுத்தவர் தயவில் நடப்பது உரிமையுள்ள மாற்றுவழி ஆகாது என்று உங்கள் வக்கீல் வாதிட வேண்டும்.

'இருபது வருஷமாக நடக்கிறோம், அது போதாதா?' என்று பலரும் கேட்பார்கள். போதாது. 15-வது பிரிவின்படி அந்த இருபது வருடமும் வெளிப்படையாக, தடையில்லாமல், உரிமையாக நடந்திருக்க வேண்டும். பெரியப்பா பெரிய மனதோடு விட்டார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நடந்தது அதுதான் என்றால் அது வெறும் அனுமதி. அனுமதிக்கு எத்தனை வருடமானாலும் பலமில்லை. அதனால் பத்திரத்தையும் அவசியத்தையும் முன்னால் வைத்து வழக்குப் போடுங்கள். இருபது வருடக் கணக்கையும் சேர்ப்பதானால், தடை ஏற்பட்டு இரண்டு வருடத்துக்குள் வழக்குத் தாக்கலாகிவிட வேண்டும். நாளைக் கடத்தாதீர்கள்.

பூட்டை மட்டும் உடைத்துவிடாதீர்கள். இதுவரை சிவில் விவகாரம் என்றவர்களே மறுநாள் உங்கள் மேல் எஃப்.ஐ.ஆர். போடுவார்கள்! பூட்டிய கேட்டைத் தேதியோடு படமெடுத்து, வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். அப்புறம் முன்சீப் கோர்ட்டில் உரிமை விளம்புகை (வழி உங்களுக்கு உண்டு என்ற அறிவிப்பு) கேட்டும், கேட்டை அகற்றச் செயலுறுத்துக் கட்டளை (அகற்றியே ஆக வேண்டும் என்ற உத்தரவு) கேட்டும் வழக்கு. தீர்ப்பு வரும்வரை வழியைத் திறந்துவைக்க இடைக்கால மனுவும் போட வேண்டும். கூடவே அட்வகேட் கமிஷனரை, அதாவது இடத்தை நேரில் பார்த்து கோர்ட்டுக்கு அறிக்கை தரும் வக்கீலை, நியமிக்கச் சொல்லி மனுக் கொடுங்கள். சர்வேயரோடு வந்து அவர் அந்த நாலடிச் சந்தின் அளவெடுத்து வரைபடம் கொடுத்தால், 'பாதையே கிடையாது' என்ற பேச்சு அவ்வளவு சுலபமாக எடுபடாது.

நடுவில் சமரசம் வந்தால் தட்டிவிடாதீர்கள். கேட் இருக்கட்டும், உங்களிடம் ஒரு சாவி இருக்கட்டும் என்பது மோசமான ஏற்பாடு அல்ல. ஆனால் வாய்ப்பேச்சாக விடாமல் பதிவு செய்துகொள்ளுங்கள். சந்தின் அகலத்தையும், நடக்க மட்டுமா பைக்கும் போகலாமா என்பதையும் அதில் எழுதுங்கள். ஒருவகை வழியுரிமை இன்னொரு வகையை உள்ளடக்காது என்று 28-வது பிரிவு சொல்கிறது.