'டேப்பர் ஆஃப்' என்றால் நிறுத்துவதா, குறைப்பதா?

அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரியில் பிரெட்னிசலோன் மாத்திரைக்கு நேரே 'டேப்பர் ஆஃப் ஓவர் த்ரீ வீக்ஸ்' என்று எழுதியிருக்கிறதாம். "ஆஃப் என்றால் நிறுத்துவதுதானே? இன்றே நிறுத்துவதா, மூன்று வாரம் கொடுத்துவிட்டு நிறுத்துவதா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

இரண்டுமே இல்லை. மாத்திரையின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டே போய், மூன்றாவது வாரக் கடைசியில் மாத்திரையே இல்லாமல் ஆக்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். சுவிட்ச் ஆஃப் நம் நாக்கில் ஊறிப்போனதால் 'ஆஃப்' என்றதும் சட்டென்று அணைப்பது நினைவுக்கு வருகிறது. இங்கே அது, குறைந்துகொண்டே போய் இல்லாமல் போவதைக் காட்டுகிறது.

இந்த மருந்தில் அர்த்தம் பிசகினால் ஆபத்து. பிரெட்னிசலோன் ஒரு ஸ்டீராய்டு. அதை வாரக்கணக்கில் சாப்பிடும்போது, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரப்பதைக் குறைத்துவிடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் அவை உடனே விழித்துக்கொள்ளாது; கடும் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது என்று உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் எந்தத் தேதியில் எத்தனை மில்லிகிராம் என்று மருத்துவரிடமே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களாகக் கணக்குப் போட வேண்டாம்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் 'டேப்பர்' என்பது முதலில் மெழுகுத்திரியின் பெயர். நுனியை நோக்கி மெலிந்துகொண்டே போகும் எதற்கும் பிறகு அதுவே வினையானது. நம் 'கூம்புதல்' ஏறக்குறைய இதே உருவம்தான்.

'த ரெயின் வில் டேப்பர் ஆஃப் பை ஈவ்னிங்' என்றால் மழை தணிந்து தணிந்து மாலைக்குள் ஓய்ந்துவிடும். தீபாவளி முடிந்தபின் துணிக்கடைக் கூட்டம் குறைவதற்கும் இது பொருந்தும். கரண்ட் போவதற்குப் பொருந்தாது, அது ஒரே நொடியில் போய்விடுகிறதே.

'ஆஃப்' இல்லாமல் 'டேப்பர்' மட்டும் வந்தால் படிப்படியாகக் குறைப்பது என்று எடுத்துக்கொள்ளலாம். முழுதாக நின்றுவிடுமா என்பதைச் சுற்றியுள்ள வாக்கியம்தான் சொல்லும். 2013 மே மாதம் அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பெர்னான்கி, மாதம் 8,500 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வாங்குவதைக் குறைக்கக்கூடும் என்று சொன்னபோது செய்திகளில் அடிபட்டது இந்தச் சொல்தான். வெறும் பேச்சுக்கே நம் ரூபாய் உட்படப் பல நாணயங்கள் ஆட்டம் கண்டன. அடுத்த ஜனவரியில் 7,500 கோடியாகக் குறைத்தார்கள். அந்த ஆண்டு, 2014 அக்டோபரில்தான் வாங்குவது நின்றது.

அதே சம்மரியில் 'கட் டவுன் ஆன் சால்ட்' என்றும் இருந்தால் அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். அது உப்பைக் குறைக்கத்தான் சொல்கிறது, அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை.