பதினேழு பேருக்கு எழுதுகிறவருக்குச் சம்பளம் யார் தருவார்?

கேள்வி: என் மகளுக்கு 17 வயது. ஏழு ஆண்டுகளாக டெனர் சாக்ஸஃபோன் வாசிக்கிறாள். இப்போது, "நவீன ஜாஸ் பிக் பேண்டுக்கு நானே எழுதி, அதை நானே நடத்தப் போகிறேன்" என்கிறாள். கணிதமும் நன்றாக வரும் பெண். இது ஒரு வேலைதானா? எங்கே படிக்க வைப்பது? தடுப்பதா, விடுவதா?

பதில்: சம்பளத்திலிருந்தே தொடங்கலாம். "பிக் பேண்ட் இசையமைப்பாளர் தேவை" என்று யாரும் விளம்பரம் கொடுப்பதில்லை. உங்கள் மகள் ஆசைப்படுவது வேலைக்குச் சேர்வதற்கல்ல, வேலை கொடுக்கிறவராக இருப்பதற்கு. வழக்கமான பிக் பேண்டில் 17 பேர்: ஐந்து சாக்ஸஃபோன் (இரண்டு ஆல்டோ, இரண்டு டெனர், ஒரு பாரிட்டோன்), நான்கு டிரம்பெட், நான்கு டிராம்போன், பியானோ, கிட்டார், பாஸ், டிரம்ஸ். ஒரு கச்சேரிக்கு வரும் பணம் இந்தப் பதினேழு கைகளுக்கும் போன பிறகு மிஞ்சுவதுதான் தலைவருக்கு. பெரும்பாலான இரவுகளில் மிஞ்சாது, கையிலிருந்து போகும். ஜாஸின் புகழ்பெற்ற பேண்ட் தலைவர் டியூக் எலிங்டனே தன் பாடல்களிலிருந்து வந்த ராயல்டியைப் போட்டுத்தான் பேண்டைக் கட்டிக்காத்தார்.

அப்படியானால் இன்று இதைச் செய்கிறவர்கள் எப்படிப் பிழைக்கிறார்கள்? 1966இல் டிரம்பெட்காரர் தாட் ஜோன்ஸும் டிரம்ஸ்காரர் மெல் லூயிஸும் நியூயார்க்கின் வில்லேஜ் வேன்கார்டு கிளப்பில் திங்கட்கிழமை இரவுகளில் தங்கள் பேண்டை வாசிக்கவைக்கத் தொடங்கினார்கள். ஏன் திங்கள்? ஸ்டுடியோவிலும் நாடக அரங்குகளிலும் சம்பாதிக்கும் நல்ல வாத்தியக்காரர்களுக்கு அன்றுதான் ஓய்வு. அந்த பேண்டின் வாரிசு இன்றும் திங்கட்கிழமைதான் அங்கே வாசிக்கிறது. இசையமைப்பாளர் மரியா ஷ்னைடரும் 1993 முதல் 1998 வரை கிரீனிச் வில்லேஜில் ஒரு கிளப்பில் திங்கள்தோறும் தன் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். அதற்கு முன் அவர் இசையமைப்பாளர் கில் எவன்ஸுக்கு உதவியாளர், இன்னொரு இசையமைப்பாளரான பாப் புரூக்மயரிடம் மாணவி. 2004இல் ரசிகர்களிடமே முன்கூட்டிப் பணம் திரட்டி அவர் வெளியிட்ட தொகுப்பு, கடைக்கே போகாமல் இணையத்தில் மட்டும் விற்றும் கிராமி விருது பெற்றது. வான்கூவரில் பிறந்த டார்சி ஜேம்ஸ் ஆர்கியூவும் புரூக்மயரின் மாணவர்தான். 18 பேர் கொண்ட தன் குழுவை 2005இல் தொடங்கினார். வெளிநாட்டிலிருந்து போகிறவர்களுக்கு இதில் இடமில்லையோ என்ற பயம் வேண்டாம். தோஷிகோ அகியோஷி 1956இல் ஜப்பானிலிருந்து பாஸ்டனுக்குப் படிக்கப் போனவர். 1973இல் தொடங்கிய தன் பேண்டை முப்பது ஆண்டுகள் நடத்தினார். மிஹோ ஹசாமா டோக்கியோவில் செவ்வியல் இசையமைப்பு படித்து, நியூயார்க்கில் ஜாஸ் இசையமைப்பு முடித்து, 2019இல் கோபன்ஹேகனில் டேனிஷ் ரேடியோ பிக் பேண்டின் தலைமை நடத்துநர் ஆனார்.

மாதச் சம்பளம் பெறும் வாத்தியக்காரர்களோடு பிக் பேண்ட் நடப்பது பெரும்பாலும் ஐரோப்பிய வானொலிகளில்தான். கொலோனில் டபிள்யூ.டி.ஆர், ஹாம்பர்க்கில் என்.டி.ஆர், பிராங்பர்ட்டில் எச்.ஆர், கோபன்ஹேகனில் டேனிஷ் ரேடியோ. தலைமை நடத்துநர் நாற்காலி ஒவ்வொன்றிலும் ஒன்றே ஒன்று. ஆனால் இவை விருந்தினராக இசையமைப்பாளர்களை அழைத்து, அவர்கள் எழுதியதைச் சில நாள் ஒத்திகை பார்த்து, கச்சேரியோ ஒலிப்பதிவோ செய்து பணம் தருகின்றன. ஆண்டில் இப்படி ஓரிரண்டு அழைப்பு வந்தாலே பெரிய விஷயம். மற்ற மாதங்களுக்குச் சோறு போடுவது கற்பித்தல், கல்லூரி பேண்டுகள் கேட்டு எழுதவைக்கும் புதிய இசைத் துண்டுகள், பாடகர்களுக்கான அரேஞ்ச்மென்ட் (இருக்கும் பாட்டை வாத்தியங்களுக்குப் பிரித்தெழுதுவது), தன் ஸ்கோர்களை (எல்லா வாத்தியங்களுக்குமான முழுத் தாள்) விற்பது, மற்றவர்களின் ஸ்கோரிலிருந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பார்ட் பிரித்துக் கொடுக்கும் வேலை. கடைசியாகச் சொன்னதைக் குமாஸ்தா வேலை என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது தவறு. வேறு எந்த வகுப்பிலும் கிடைக்காத பாடம் அதில் கிடைக்கும். கூடவே கூலியும் கிடைக்கும்.

ஆக, ஆசை இருக்கிறதா என்பது கேள்வியே இல்லை. பதினேழு அந்நியர்கள் முதல் பார்வையிலேயே வாசிக்கக்கூடிய தாளை அவள் எழுதி முடிப்பாளா என்பதுதான் கேள்வி. இந்தத் தொழிலின் முக்கால் பங்கு அந்தத் தாளில் இருக்கிறது. அதனால் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறேன்; இந்தப் பகுதியை மகளிடமே கொடுத்துவிடுங்கள்.

சுருதி மாற்றி எழுதுவது முதல் படி. சில வாத்தியங்களில் தாளில் எழுதிய சுரம் ஒன்று, ஒலிப்பது வேறொன்று. பியானோவில் ஸி ஒலிக்க வேண்டிய இடத்தில் டிரம்பெட்டின் தாளில் டி எழுத வேண்டும். ஆல்டோவுக்கு ஏ. டெனருக்கு டி, ஆனால் ஒரு ஆக்டேவ் (ஸ்தாயி) மேலே. பாரிட்டோனுக்கு ஆல்டோவுக்கு எழுதிய ஏ-க்கும் ஒரு ஆக்டேவ் மேலே. டிராம்போனுக்கு மாற்றம் இல்லை, பாஸ் கிளெஃபில் (கீழ்ச் சுரங்களுக்கான குறியீடு) உள்ளபடியே. கிட்டாரும் பாஸும் எழுதியதைவிட ஒரு ஆக்டேவ் கீழே ஒலிக்கும். இசை எழுதும் மென்பொருள் இதைத் தானாகவே மாற்றித் தரும்தான். ஆனால் ஒத்திகையில் இரண்டாம் ஆல்டோ, "34ஆம் பாரில் எனக்கு எஃப் ஷார்ப்பா, எஃப்பா?" என்று கேட்கும்போது, அது பியானோவில் எந்தச் சுரம் என்று மூன்று விநாடிக்குள் சொல்லத் தெரிய வேண்டும். (பார் என்பது ஒரு தாளச் சுற்று. எஃப் ஷார்ப் என்றால் பியானோவில் ஏ.)

அடுத்தது சுரங்களை அடுக்குவது, அதாவது வாய்சிங். ஸி மேஜர் சிக்ஸ்த் கார்டை (ஸி, ஈ, ஜி, ஏ சேர்ந்து ஒலிப்பது) எடுத்துக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழாக ஜி, ஈ, ஸி, ஏ என்று நான்கு சாக்ஸஃபோனுக்கும் ஒரு ஆக்டேவுக்குள் நெருக்கமாக அடுக்கி, மேலே உள்ள ஜி-யையே பாரிட்டோனுக்கு ஒரு ஆக்டேவ் கீழே கொடுத்தால் பழைய ஸ்விங் காலத்து ஒலி வரும். மேலிருந்து இரண்டாவதாக உள்ள ஈ-யை எடுத்து ஒரு ஆக்டேவ் கீழே இறக்கினால் அதே கார்ட் அகலமாக, மென்மையாகத் திறக்கும். நவீன எழுத்தில் நாலாவது இடைவெளிகளில் (ஸி-யிலிருந்து எஃப் வரையுள்ள தூரம்) அடுக்குவதும், ஒரு டிராம்போன், ஒரு புல்லாங்குழல், ஒரு ஃபுளூகல்ஹார்ன் என்று வேறு வேறு வரிசைகளிலிருந்து ஆள் எடுத்துப் புதிய நிறம் கலப்பதும் அதிகம். ஆனால் முதலில் சொன்ன இரண்டும் கைக்கு வராமல் அங்கே தாவுகிறவர்களின் ஸ்கோர் கலங்கிய குட்டை போல் ஒலிக்கும். கீழ்ச் சுரங்களில் நெருக்கமாக அடுக்கினால் எந்த வாத்தியத்திலும் சேறுதான்.

மூன்றாவது, வாசிப்பது மனித உடம்பு என்ற நினைவு. மென்பொருளின் பிளேபேக்கில் டிரம்பெட்டுக்கு உதடு வலிக்காது. நிஜத்தில் முதல் டிரம்பெட்டை ஒரு நிமிடம் விடாமல் உச்சத்தில் நிறுத்தினால் அடுத்த பக்கத்தில் அவருக்குச் சத்தம் வராது. அதற்கடுத்த துண்டிலும் வராது. ஓய்வையும் எழுத வேண்டும், சுரத்தை எழுதுவது போலவே. மியூட் (வாத்தியத்தின் வாயில் செருகி ஒலியை மாற்றும் அடைப்பு) மாற்ற நேரம் விட மறப்பது இன்னொரு பொதுத் தவறு. 120 டெம்போவில் (நிமிடத்துக்கு 120 அடி) நான்கு அடி கொண்ட 4/4 பார் ஒன்று இரண்டே விநாடி. ஒரு பார் இடைவெளியில் கப் மியூட்டைக் கழற்றி ஹார்மன் மியூட்டைப் போடச் சொன்னால், எது கீழே விழுகிறது என்பதை அரங்கமே கேட்கும். நான்கு பாராவது கொடுங்கள். டிராம்போனில் ஸ்லைடுக்கு ஏழு நிலைகள். டிரிகர் (குழாயை நீட்டும் வால்வு) இல்லாத டெனர் டிராம்போனில், பாஸ் கிளெஃபின் இரண்டாம் கோட்டிலுள்ள பி ஃபிளாட் முதல் நிலை. அதற்கு அரைச் சுரம் மேலே உள்ள பி ஏழாம் நிலை. பியானோவில் பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள். டிராம்போன்காரருக்கோ கை முழுக்க நீண்டு திரும்ப வேண்டும். வேகமாக அந்த இரண்டையும் மாறி மாறி எழுதினால் அவர் உங்களை மறக்கவே மாட்டார்.

டிரம்ஸ் பார்ட்டில் ஒவ்வொரு அடியையும் எழுதுவது கணிதம் நன்றாக வரும் மாணவர்களின் தனிப் பலவீனம். தாளத்தின் நடை, பிராஸ் வரிசை (டிரம்பெட்டும் டிராம்போனும்) எங்கே வெட்டுகிறது, எங்கே சத்தம் கூடுகிறது, எத்தனை பார் அப்படியே ஓடுகிறது: இவ்வளவு போதும். மற்றதை அவரிடம் விட வேண்டும். அதற்காகத்தானே அவரைக் கூப்பிட்டோம்.

அளவையும் யோசித்துப் பாருங்கள். 120 டெம்போவில் 8 நிமிடத் துண்டு என்றால் 240 பார். பதினேழால் பெருக்கினால் 4,080 பார். ஒவ்வொன்றிலும் சுரம், ஒலியளவு, வெட்டா இழுப்பா என்ற குறி எல்லாம் சரியாக இருக்க வேண்டும். பார் எண், ஒத்திகை எழுத்து (பகுதிகளைக் குறிக்கும் எழுத்து), பக்கம் திருப்பும் இடத்தில் ஓய்வு ஆகியவை இல்லாத பார்ட், நல்ல இசையைக்கூடக் கெடுத்துவிடும். மூன்று மணி நேர ஒத்திகையில் இடைவேளை போக 165 நிமிடம். ஐந்து துண்டுகள் என்றால் ஒன்றுக்கு 33 நிமிடம். அதில் பத்து நிமிடம் அச்சுப்பிழைக்குப் போனால், பதினேழு பேரின் பத்து நிமிடம் போகிறது. நல்ல வாத்தியக்காரர்கள் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடுத்த முறை கூப்பிடும்போது அன்று வேறு வேலை இருக்கும்.

மென்பொருளைப் பொறுத்தவரை மியூஸ்ஸ்கோர் இலவசம். தொடக்கத்துக்குத் தாராளமாகப் போதும். பிறகு டோரிக்கோ அல்லது சிபீலியஸ். ஃபினாலேயில் புதிதாகத் தொடங்க வேண்டாம்; 2024 ஆகஸ்டில் அதன் வளர்ச்சியை நிறுத்துவதாக நிறுவனமே அறிவித்துவிட்டது.

கையசைத்து நடத்துவதைப் பற்றி மாணவர்கள் அதிகம் கனவு காண்கிறார்கள். சீரான தாளத்தில் ஓடும் பேண்டுக்கு நடத்துநர் அவ்வளவாகத் தேவையில்லை, டிரம்ஸ் போதும். தேவைப்படுவது சரியான வேகத்தில் எண்ணிக்கை கொடுத்துத் தொடங்க, தாளம் மாறும் இடத்தில், தாளமற்று மிதக்கும் பகுதியில், நீண்ட சுரத்தை எல்லோரும் ஒன்றாக வெட்ட, தனி வாசிப்பு போதும் என்றானதும் பின்னணி வரிசையை உள்ளே அழைக்க. இதெல்லாம் ஒரு பருவத்தில் கற்றுக்கொள்ளக்கூடியது. கற்றுத்தர முடியாதது 17 பேரை ஒரே தேதியில் கூட்டுவதுதான்!

படிப்புக்கு வருவோம். இளநிலைப் படிப்பில் பல இடங்களில் நுழைவு வாத்தியத் தேர்வு வழியாகத்தான். ஆகவே அவள் சாக்ஸஃபோனை விட்டுவிடக் கூடாது. பியானோவையும் கார்ட் பிடித்து யோசிக்கும் அளவுக்காவது இப்போதே தொடங்க வேண்டும். அமெரிக்காவில் பாஸ்டனின் பெர்க்லீயும் நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரியும், 1947இலேயே இத்துறையில் பட்டப்படிப்பு தொடங்கிய நார்த் டெக்சாஸ் பல்கலைக்கழகமும், மயாமி பல்கலைக்கழகமும், ராச்செஸ்டரின் ஈஸ்ட்மனும், நியூயார்க்கின் மன்ஹாட்டன் ஸ்கூல் ஆஃப் மியூசிக்கும் தெரிந்த பெயர்கள். கட்டணம் கனமானது. உதவித்தொகை இல்லாமல் பெரிய கடன் எடுத்து இளநிலைக்கு அங்கே அனுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்ன வருமானத்தில் அந்தக் கடன் அடையாது. ஜெர்மனியின் அரசு இசைக் கல்லூரிகள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஆனால் ஜெர்மன் மொழி வேண்டும். நுழைவுத் தேர்வில் வாத்தியத்தோடு பியானோ, செவித்திறன், இசைக் கோட்பாடு ஆகியவற்றையும் பார்ப்பார்கள். கணிதம் வருகிறவள் என்பதால் இன்னொரு வழியும் திறந்திருக்கிறது: வேறொரு பட்டம் படித்துக்கொண்டே கல்லூரி பேண்டுக்கு எழுதி, முதுநிலையில் ஜாஸ் இசையமைப்புக்குப் போகலாம். முதுநிலையில் பார்ப்பது ஸ்கோர்களையும் ஒலிப்பதிவுகளையும்தான். நியூயார்க்கில் 1988 முதல் நடக்கும், பி.எம்.ஐ என்ற இசை உரிமை அமைப்பின் ஜாஸ் இசையமைப்பாளர் பட்டறைக்குக் கட்டணமே இல்லை. ஸ்கோர் அனுப்பித் தேர்வாக வேண்டும், அந்த ஊரில் இருக்கவும் வேண்டும்.

முடிவை இன்று எடுக்க வேண்டாம். பன்னிரண்டு மாதம் கொடுங்கள். முதல் நான்கு மாதம், பிடித்த பிக் பேண்ட் பதிவொன்றிலிருந்து சாக்ஸஃபோன் வரிசையின் 32 பாரைக் காதால் கேட்டு ஐந்து பார்ட்டாக எழுதட்டும். ஷ்னைடர் உட்படச் சிலர் தங்கள் ஸ்கோரை விற்கிறார்கள். ஒன்றை வாங்கிக் கொடுத்தால், கேட்பதையும் எழுத்தையும் பக்கம் பக்கமாக ஒப்பிடலாம். அடுத்த நான்கு மாதம், ஐந்து சாக்ஸஃபோனுக்கும் டிரம்ஸ், பாஸுக்கும் சொந்தமாக மூன்று நிமிடத் துண்டு. ஐந்து ஆள் கிடைக்காவிட்டால் மூன்று பேருக்கு எழுதட்டும், அதில் குறைவொன்றும் இல்லை. கடைசி நான்கு மாதத்தில் அதை மனிதர்கள் வாசிக்க வேண்டும், செல்பேசியில் பதிவு செய்தாலும் போதும். ஆட்களைக் கூட்டுவது, தேதி குறிப்பது, பார்ட் அச்சிடுவது எல்லாம் அவளே செய்யட்டும்; நீங்கள் நாற்காலி போடுவதோடு நின்றுகொள்ளுங்கள்.

முதல் வாசிப்பு மோசமாகத்தான் இருக்கும். எல்லோருக்கும் அப்படித்தான். "அவர்கள் சரியாக வாசிக்கவில்லை" என்று சொல்லிவிட்டுத் தாளை மூடிவைத்தால், வாத்தியக்காரராகவோ ஆசிரியராகவோ அவள் நன்றாக வரலாம். பதினேழு பேரின் முன் நிற்கும் வேலைக்குக் கடன் வாங்காதீர்கள். அன்றிரவே பதிவைத் திரும்பக் கேட்டு, எந்தப் பாரில் யார் மூச்சு விட இடமில்லாமல் திணறினார் என்று பென்சிலால் குறித்துக்கொண்டு, இரண்டே வாரத்தில் திருத்திய தாளோடு அதே ஆட்களைத் திரும்ப அழைத்தால், விண்ணப்பப் படிவங்களை இறக்கத் தொடங்கலாம்.